நியூட்ரல் போன கார்

என் காரில் முதல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது போன ஐப்பசியில், பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து கோவைக்குத் திரும்பும்போது. கிணத்துக்கடவு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஹெட்லைட், வைப்பர், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டாஷ்போர்டில் ஏபிஎஸ் என்று மஞ்சளாக ஒன்று முளைத்தது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீரிங் படமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும். அடுத்து, மடியில் பலூனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், அதாவது ஏர்பேக் விளக்கு. உக்கடம் வருவதற்குள் கார்த்திகை தீபம் முன்கூட்டியே வந்துவிட்டது. சிக்னலில் வண்டியைத் திருப்பினால் ஸ்டீரிங் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது.

பின்சீட்டில் மாமனார். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டிப் பார்த்துவிட்டு, "லோ வோல்டேஜ் மாப்ளே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு உலகத்தில் எது நடந்தாலும் லோ வோல்டேஜ்தான். பேரனுக்குக் கணக்கில் மார்க் குறைந்தபோதும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். ஒரு விளக்கும் இல்லை. பல் வலி டாக்டர் வீட்டு வாசலில் நின்றுவிடுமே, அப்படி.

ஆனாலும் மனசு கேட்காமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்கேன் கருவியைச் சொருகினார்கள். ஒரு முழுத் தாளுக்குக் கோளாறுக் குறியீடுகளாக வந்தது. பையன் முதல் வரியை மட்டும் பார்த்து, "ஏபிஎஸ் சென்சார் போயிருக்குங்ணா" என்றான். மாற்றினோம், 3,200 ரூபாய். தாளை என்னிடமே கொடுத்தான். நான் அதைக் கார் புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன். அந்தத் தாளை அன்றைக்கே படித்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

ஒரு வாரம் கழித்து, இரவில், மழையில், மறுபடி தீபாராதனை. இதற்குள் காலையில் செல்ஃப் போட்டால் வண்டி, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி இழுத்து இழுத்து எழுந்தது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில், "செல்ஃப் இழுக்குதுன்னா பேட்டரிதாங்க" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. புது பேட்டரி போட்டோம், 5,000 சொச்சம். போட்டதும் வண்டி பறந்தது. விளக்கெல்லாம் போய்விட்டது. வெற்றிகரமாக மாமனாருக்குப் போன் செய்தேன்.

"பத்து நாள் போகட்டும்" என்றார் அந்த மனிதர்.

சரியாகப் பதினோராவது நாள், மாலை ஏழு மணிக்கு, காந்திபுரம் நெரிசலில், ஏபிஎஸ். அப்புறம் ஸ்டீரிங். அப்புறம் அந்தப் பலூன் ஆசாமி.

புது பேட்டரி எப்படி ஏமாற்றுகிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வண்டி ஓடும்போது மின்சாரம் கொடுக்க வேண்டியது டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர். பேட்டரியின் பெரிய வேலை வண்டியைக் கிளப்பிவிடுவது. டைனமோவிலிருந்து வரவு சரியாக இல்லாவிட்டால், ஹெட்லைட், ஏசி, ஸ்டீரிங் மோட்டார் எல்லாருக்கும் பேட்டரி தன் கைக்காசைப் போட்டுச் செலவு செய்கிறது. புது பேட்டரி என்றால் சேமிப்பு கொஞ்சம் அதிகம். பத்து நாள் தாங்கும்.

"சார்ஜ் ஏறலைன்னா பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியணுமே மாமா, அது எரியவே இல்லையே?" என்று கேட்டேன். இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் இதைச் சொல்லித்தான் டைனமோ பக்கமே போகாமல் விட்டார்கள். எரிய வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் எரிந்தன.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

வந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே மல்டிமீட்டர், டெஸ்டர், ஒரு துண்டு உப்புத்தாள், இன்னொரு வண்டியிலிருந்து பேட்டரிக்கு ஒட்டுக்கொடுக்கும் தடித்த ஜம்பர் கேபிள். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியே போட்டுவிட்டார்.

முதலில் கார் புத்தகத்தைக் கேட்டார். மடித்து வைத்த தாள் விழுந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். பி0562 என்று ஒரு குறியீடு, பக்கத்தில் 'சிஸ்டம் வோல்டேஜ் லோ'. அதற்குக் கீழே ஏபிஎஸ், ஸ்டீரிங், ஏர்பேக் என்று பெயர்தான் வேறு வேறு. ஒவ்வொன்றும் வோல்டேஜ் குறைவு என்றே புலம்பியிருந்தது.

"ஒரு வீட்டுல மிக்ஸி சுத்தல, ஃபிரிட்ஜ் உறுமுது, டியூப்லைட்டு கண்ணடிக்குது. மிக்ஸியை மாத்துவீங்களா மாப்ளே?"

"மாட்டேனுங்க மாமா."

"மாத்துனீங்களே. 3,200."

எதிர்வீட்டு நாற்காலி குலுங்கியது.

வண்டியை அணைத்து பேட்டரியில் மீட்டர் வைத்தார்: 12.4 வோல்ட். முழுசாக ஏறியிருந்தால் 12.6 இருக்க வேண்டுமாம். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல வண்டியில் இது 13.8 முதல் 14.4 வரை போகும். இங்கே 13.4. "இப்ப ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர், எல்லாத்தையும் போடுங்க." 12.2-க்கு இறங்கிவிட்டது. "ஸ்டீரிங்கைத் திருப்புங்க." திருப்பினேன். மீட்டர் 11-ஐத் தொட்டது, டாஷ்போர்டில் ஏபிஎஸ் எட்டிப் பார்த்தது. நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பும்போதுதான் எலக்ட்ரிக் ஸ்டீரிங் அதிகமாகக் கரண்ட் இழுக்கும். ஏபிஎஸ் பெட்டியோ தனக்கு வேண்டிய வோல்டேஜ் வராவிட்டால் கோளாறாக வேலை செய்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று கைவிரித்துவிடும். அதற்கு ஒரு குறையும் இல்லை, பாவம். நான்தான் சென்சாரைப் பிடுங்கியிருக்கிறேன்.

அப்புறம் நடந்ததைப் பார்த்து என் மனைவி கத்திவிட்டாள். மாமா வேட்டியோடு, ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். தோள் துண்டு தொங்கியது. "அப்பா! துண்டு!" துண்டை அவள் வாங்கிக்கொண்டாள், வேட்டியை அவர் மடித்துக் கட்டினார். டைனமோவின் பெரிய வயர் இருக்கும் திருகில் சிவப்பு முனை, டைனமோவின் உடம்பிலேயே கறுப்பு முனை. 14.3.

"டைனமோ ராஜா மாதிரி கொடுக்குது. அதனாலதான் உங்க சிவப்பு லைட்டு எரியல. அது கொடுத்தது பேட்டரிக்குப் போய்ச் சேரல. வழியில எவனோ திருடுறான்."

டைனமோ திருகுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே பார்த்தார்: 0.1. அந்த வழி சுத்தம். பேட்டரி மைனஸில் ஒரு முனை, எஞ்சினின் வெறும் உலோகத்தில் இன்னொரு முனை: 2.0. அங்கே 0.2-க்கு மேல் காட்டக் கூடாது. மனிதர் நிமிர்ந்தார். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறியவரின் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

"நியூட்ரல் போச்சு!"

வீட்டு வயரிங்கில் கரண்ட் திரும்பிப் போகும் கம்பிதான் நியூட்ரல். காரில் அதற்கு எர்த் என்று பெயர். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் ஒரு பின்னல் செம்புப் பட்டை. டைனமோ கொடுக்கிற கரண்ட் அத்தனையும் அதன் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். செல்ஃப் மோட்டாரின் கரண்டும் அப்படியே. காலையில் இழுத்ததற்கும் அதுதான் காரணம். பட்டையின் பிடிப்பு சரியில்லாவிட்டால், கரண்ட் கூடக் கூட வோல்டேஜ் அங்கேயே தொலையும். பகலில் சும்மா ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி, மழை, ஏசி என்றால் மாட்டிக்கொள்ளும்.

"இப்பப் பாருங்க" என்று எல்லாவற்றையும் ஓடவிட்டபடியே ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் கவ்வ வைத்தார், மறு முனையை எஞ்சினில். மீட்டர் 12.2-இலிருந்து 14.1-க்குத் தாவியது. ஹெட்லைட் பளிச்சென்றது. ஏசி காற்றின் சத்தமே மாறிவிட்டது. ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினேன். ஒற்றை விரல் போதும்.

எதிர்வீட்டுக்காரர் கைதட்டினார். நான் தட்டவில்லை. 8,200-ஐ எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டையைத் தேடினோம். பேட்டரித் தட்டுக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கம் இருந்தது. போன வருஷம் கிளட்ச் மாற்றினோமே, அப்போது கழற்றி மாட்டியவர்கள் போல்ட்டைக் கையாலேயே திருகிவிட்டு டீ சாப்பிடப் போயிருக்க வேண்டும். விரலால் அசைந்தது. அடியில் துரு, பட்டையில் பச்சைக் களிம்பு, பாதி இழைகள் அறுந்துபோயிருந்தன. மாமியார் எட்டிப் பார்த்து, "குத்துவிளக்கு மாதிரியே இருக்குது. புளி போட்டுத் தேய்க்கட்டுங்களா?" என்று கேட்டார். மாமா பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பானரால் இறுக்கினார். திங்கட்கிழமை ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் புதுப் பட்டை போட்டேன். 350 ரூபாய், கூலியோடு.

கடைக்காரர் கேட்டார்: "யாருங்ணா கண்டுபிடிச்சது? இதை லேசுல யாரும் பாக்க மாட்டாங்களே."

"ஈபிங்க" என்றேன்.

அந்த வார இறுதியில் மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். மழை, ஹெட்லைட், ஏசி, எல்லாம் உண்டு. டாஷ்போர்டில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, கூடவே ஒரு கீச்சொலி.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதே மாப்ளே. மீட்டரை எடுங்க" என்று பையைத் துழாவினார்.

"மீட்டர் வேண்டாமுங்க மாமா. பெல்ட்டைப் போடுங்க."