மரத்தோடு ஆங்கிலம் கதைத்த பிள்ளைகள்

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணை என்று செயலாளர் தம்பி மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். விளையாட்டுப் போட்டி, விடுதிச் சோறு, அதிபரின் பிரம்பு எல்லாம் முந்தைய மலர்களில் வந்து முடிந்துவிட்டன. நான் எழுதினாலும் அதே பிரம்பைத்தான் திரும்ப எழுதவேண்டும். அதனால் நானும் மனைவியும் சீனாவில் ஆங்கிலம் படிப்பித்த கதையை எழுதுகிறேன். அதற்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கிறது, பொறுங்கள்.

2006இல் எனக்கு 54 வயது. வேலை செய்த இடத்தில் ஆட்குறைப்பு, பிள்ளைகள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள், கையில் பட்டமும் கனடியக் கடவுச்சீட்டும் இருந்தன. அந்த நேரம் சீனாவில் ஆங்கிலம் படிப்பிக்க அது போதும் என்று கேள்விப்பட்டோம். ஆனால் முதலில் தொடர்பு கொண்ட முகவர் எங்கள் படத்தை அனுப்பியதோடு பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டாவது ஆள் நேர்மையானவர், வெள்ளை முகம்தான் தேவை என்று எழுதியே அனுப்பினார். அந்தக் கடிதத்தை மனைவி இன்னும் அலுமாரிக்குள் வைத்திருக்கிறார், ஏன் என்று நான் கேட்பதில்லை. மூன்றாவதாகக் கேட்டது ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவில் ஒரு கல்லூரி. அவர்களுக்கு ஆள் அவசரம், எங்களுக்கு இடம் அவசரம்.

குவாங்சோவில் இறங்கி இரவு ரயிலில் சாங்ஷா போனோம். அதிவேகப் பாதை 2009 கடைசியில்தான் திறந்தது, அப்போது இரவு முழுக்கப் பயணம். ஆளுக்கு மாதம் 4000 யுவான், வளாகத்துக்குள்ளேயே வீடு, கிழமைக்கு 16 பாடம், ஒரு பாடம் 45 நிமிடம். கனடியக் கணக்கில் அறுநூறு டொலருக்குக் கிட்டத்தான் வரும். ஆனால் சாப்பாட்டு மண்டபத்தில் 4 யுவானுக்கு வயிறு நிறைந்தது, மிச்சக் காசை என்ன செய்வதென்று யோசிக்கும் நிலைமை.

முதல் கிழமையே பெயர்ப் பிரச்சினை. என் முழுப்பெயரைச் சொல்ல அவர்களுக்கு ஒரு பாடவேளை வேண்டும் என்பதால் சிவா என்றேன். பிள்ளைகள் அதைச் சீன எழுத்தில் ‘சீவா’ என்று எழுதித் தந்தார்கள். அந்த இரண்டாம் எழுத்தில் ஒரு கோடு பிசகினால் ‘சீகுவா’ ஆகிவிடும், அதாவது வத்தகப்பழம். நேரசூசியில் அப்படித்தான் வந்தது. ஒரு தவணை முழுக்க வத்தகப்பழம் மாஸ்டராகப் படிப்பித்தேன். மனைவிக்கு வேறு கோபம். ஆசிரியரை ‘லாவ்ஷி’ என்பார்கள், ஆசிரியரின் மனைவியை ‘ஷிமூ’ என்பார்கள், குருபத்தினி மாதிரி. வீட்டுக்கு வருகிற என் மாணவர்கள் இவரை ஷிமூ என்று கூப்பிட, "இஞ்சாருங்கோ, நான் இஞ்ச படிப்பிக்க வந்தனானோ, உங்களுக்குப் பெண்சாதியா இருக்க வந்தனானோ?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்குத் தந்தது பேச்சு ஆங்கிலம். வகுப்பில் 50 பேர். நான் ஒரு வசனம் சொன்னால் ஐம்பது பேரும் சேர்ந்து கூரை பறக்கத் திருப்பிச் சொல்வார்கள். சரி, நீ எழும்பி உன் ஊரைப் பற்றிச் சொல்லு பார்ப்போம் என்றால் அவ்வளவுதான், ஐம்பது தலையும் குனிந்துவிடும். கிளாஸ் மொனிற்றர் பாவம், மற்றவர்களைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் அவனே எழும்புவான். எழுத்தில் இவர்கள் புலிகள், ஆயிரக்கணக்கில் சொல் பாடம். நாலாம் நிலைத் தேர்வு என்று 1987இலிருந்து நடக்கிற நாடு தழுவிய ஆங்கிலப் பரீட்சை ஒன்று இருக்கிறது, யூனிலும் டிசம்பரிலும் வரும். 710 புள்ளியில் 425 எடுத்தால்தான் பிள்ளைகளுக்கு நித்திரை வரும், ஏனென்றால் வேலை கொடுப்பவர்கள் அதைக் கேட்பார்கள். அந்தப் புள்ளிக்கணக்கில் வாய் திறந்து பேசுவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஏன் பேசப் போகிறார்கள்? இதற்குச் சீனர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ‘யாபா யிங்யூ’, ஊமை ஆங்கிலம்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கள் எட்டாம் வகுப்பு வந்து நின்றது. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிய வகுப்பு அது. ஒருநாள் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் வந்து, உன் பெயர் என்ன தம்பி என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, முன்வாங்கு முழுவதும் குனிந்து கீழே விழாத பென்சிலைத் தேடியது. நானும் தேடினேன். என்னோடு தேடியவர்களில் இரண்டு பேர் இந்த மலரை வாசிப்பார்கள், பெயர் சொல்லவில்லை.

குளிரைச் சொல்லாமல் விட முடியாது. ரொறன்ரோக் குளிரில் இருபது வருடம் இருந்த எங்களுக்குச் சாங்ஷா என்ன பெரிய குளிர் என்று போனோம். சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கும் சின்லிங் மலைக்கும் வடக்கே உள்ள நகரங்களுக்குத்தான் அரசு குளிர்காலத்தில் குழாய் வழியே வெப்பம் கொடுக்கும், தெற்கே இல்லை. சாங்ஷா தெற்கு. வெளியே நாலு பாகை என்றால் வகுப்புக்குள்ளும் நாலு பாகை, அதிலும் காற்றோட்டம் நல்லதென்று யன்னலைத் திறந்து வைப்பார்கள். மேலங்கி, கையுறையோடு கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகளைக் காப்பாற்றியது சுடுதண்ணீர்ப் போத்தல்தான். கொதிநீர்க் கொட்டிலின் முன்னால் சிவப்பும் நீலமுமாக நூற்றுக்கணக்கான போத்தல்கள் வரிசையில் நிற்கும், பக்கத்தில் மையால் பெயரும் அறை இலக்கமும். குடிக்க, கால் கழுவ, தலை முழுக எல்லாம் அதுதான். இடைக்கிடை ஒன்று வெடிக்கும். முதல் தரம் அந்தச் சத்தம் கேட்டு நானும் மனைவியும் நிலத்தில் குந்திவிட்டோம். ஊரில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு விளங்கவில்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது ஒருவரும் தனியே வரமாட்டார்கள், ஆறு பேர் ஏழு பேராகப் பழப்பையோடு வருவார்கள். ஒருநாள் சோறும் கோழிக்கறியும் பருப்பும் கொடுத்தோம். உறைப்பு என்று பயந்துதான் கொடுத்தோம், ஆனால் ஹூனான்காரர் மீன்தலையை வெட்டுமிளகாயால் மூடி அவித்துத் தின்கிற ஆட்கள், எங்கள் கறித்தூளுக்கு அசையவேயில்லை. அசைந்தது நாங்கள் கையால் குழைத்துச் சாப்பிட்டபோதுதான். எல்லாருடைய சொப்ஸ்டிக்கும் நடுவானில் நின்றுவிட்டது. பிறகு ஒரு பெடியன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, ஐந்து விரலையும் சோற்றுக்குள் விட்டு அள்ளினான். உள்ளங்கை முழுக்கச் சோறு, வாய்க்குப் போனது நாலு பருக்கை. பெருவிரலால் தள்ளு என்று மனைவி காட்டிக்கொடுத்தார். எங்கள் இருவருடைய இரண்டு வருடத்தில் மிக ஒழுங்காக நடந்த பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்குத்தான் எங்கள் தாய்மொழி என்ன என்ற கேள்வி வந்தது. இந்தியாவா, இலங்கையா, கனடாவா என்று அவர்களுக்கு எப்போதும் குழப்பம். தென்னிலங்கைக் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். சீனாவின் மிங் வம்சக் காலக் கடற்தளபதி செங் ஹ இலங்கையில் நட்ட கல், சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி, 1409ஆம் ஆண்டுத் திகதி. செங் ஹவைத் தெரியாத சீனப் பிள்ளை இல்லை. அவருடைய கல்லில் இருக்கிற எழுத்தா இது என்று என் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லி ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். வத்தகப்பழத்துக்கு அன்றோடு கொஞ்சம் மரியாதை.

டிசம்பர் 24 இரவு கதவு தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அப்பிளுக்கு அங்கே ‘பிங்குவோ’, அந்த இரவுக்குப் பெயர் ‘பிங்ஆன்’ இரவு. ஓசை பொருந்துவதால் ஆளுக்காள் அப்பிள் கொடுப்பார்கள், மினுங்கல் தாளில் சுற்றி நாடா கட்டி. நாங்கள் சைவம், எங்களுக்கு நத்தார் இல்லை என்று விளங்கப்படுத்தப் பார்த்தோம். வெளிநாட்டு ஆசிரியருக்கு நத்தார் இல்லையென்றால் யார் நம்புவது? 37 அப்பிள் சேர்ந்தது. தைப்பொங்கல் வரை வீட்டில் அப்பிள் பச்சடி.

கடைசியாக அந்த மரங்கள். விடிய ஏழு மணிக்கு முதல் வளாகத்துக் குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கற்பூர மரத்துக்கு முகம் கொடுத்து, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் ஆங்கிலம் வாசிப்பார்கள். வகுப்பில் வாய் திறக்காத அதே பிள்ளைகள்தான். மரத்துக்கு வெட்கப்படத் தேவையில்லையே. எனக்கும் ஆசை வந்து, சீனப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் காலியாக நின்ற ஒரு மரத்தைப் பிடித்தேன். ஒரே ‘மா’வை நாலு தொனியில் சொல்லிக்கொண்டு நிற்க, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் வரிசைப் பிள்ளை, நாலு மாதமாக என்னிடம் ஒரு சொல் பேசாதவள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்: "சேர், இது என்னுடைய மரம்."

நான் அடுத்த மரத்துக்குப் போனேன். அங்கேயும் ஆள் நின்றது.