பேசும் கருவியும் மூன்றாம் வகுப்பும்: ஒரு சிறப்பாசிரியரின் நாட்குறிப்பு

12 ஜூன் 2025

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் நாக்கு ஒத்துழைப்பதில்லை. சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படங்களைத் தொட்டுப் பேசுகிறாள்; தொட்ட படத்துக்கான சொல்லை டேப் (டேப்லெட்) உரக்கச் சொல்லும். இன்று நான் பள்ளிக்குப் போனபோது அவளுடைய டேப் பீரோவில் பூட்டியிருந்தது. உடைந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான். ஆனாலும் மற்ற பிள்ளைகளின் வாயை மணியடிக்கும்வரை யாரும் பூட்டி வைப்பதில்லையே என்று வகுப்பாசிரியையிடம் சொன்னேன். பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்பு முறைகளைப் பள்ளியில் ஊக்குவிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் சொல்கிறது. நாளை முதல் டேப் அவள் மேசையில் இருக்கும்.

9 ஜூலை 2025

டேப் மேசைக்கு வந்தும் பரீட்சைக் கருவியாகவே இருந்தது: "இது என்ன பழம்? தொட்டுக் காட்டு." கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்விகளுக்கு நாள் முழுவதும் பதில் சொல்லும் குழந்தைக்குப் பேச ஆசை எப்படிப் பிறக்கும்? கைக்குழந்தைகூடப் பல மாதங்கள் நம் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. அதுபோல, முதலில் நாம்தான் படங்களைத் தொட்டுப் பேசிக் காட்ட வேண்டும். இன்று ஆசிரியை கதை சொல்லிக்கொண்டே 'மழை', 'ஓடு', 'வீடு' என்று தொட்டுக் காட்டினார். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். அவள் கை நடுங்கியபடி எழுந்தது, படத்துக்கு மேலே நின்றது, நழுவியது, மறுபடி எழுந்தது. பக்கத்துப் பையன் விடை சொல்ல வாயெடுத்தான். ஆசிரியை கண்ணாலேயே தடுத்தார். நான் மனத்துக்குள் இருபதுவரை எண்ணியிருப்பேன்.

'வேண்டாம்' என்றது டேப்.

கதை பிடிக்கவில்லை. வேறு கதைக்கு மாறினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் எதிர்பாராமல் அவளாகவே சொன்ன முதல் சொல் அது.

8 ஆகஸ்ட் 2025

"அம்மா கடை போ" என்றாள். அவள் பயன்படுத்தும் பொத்தான்களில் இருப்பவை வேர்ச்சொற்கள். தமிழோ வேற்றுமையையும் காலத்தையும் வேர்ச்சொல்லுக்குப் பின்னால் சேர்க்கும் மொழி. பிழை என்று திரும்பத் தொடச் சொல்லாமல், "அம்மா கடைக்குப் போயிருக்காங்களா? என்ன வாங்க?" என்று ஆசிரியை இயல்பாகக் கேட்டார். 'புது' 'பென்சில்' என்று பதில் வந்தது.

பிற்பகலில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இதற்காகவே அதே படங்களை, கை பழகிய அதே இடங்களில் அச்சிட்டு, லேமினேட் செய்த அட்டை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்துப் பையன் அதைப் பார்த்துவிட்டுத் தன் பெயர் எங்கே என்று கேட்டான். கடைசி வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் அவனையே எழுதச் சொன்னேன்.