அடுத்த வருஷம் வாங்க

“அடுத்த வருஷம் வாங்க சார், பாப்பா வளர்ந்திருப்பா.”

நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அதற்கு முன்பு நூறு பேரிடமாவது இதையே சொல்லியிருப்பேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் திட்டுவார்கள். அந்த மனிதர் இரண்டும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தார்.

2024-ல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு அது. அந்த ஞாயிறு எப்படி இருக்கும் என்று என்னைப் போலக் கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு மணிக்கே பார்க்கிங் நிரம்பிவிட்டது. நான் நின்றது பெரிய ரைடின் மேல்மேடையில், உயரம் பார்க்கும் கம்பத்துக்குப் பக்கத்தில்.

ரசீது நனைந்திருந்தது. நான்காக மடித்து வைத்திருந்ததில் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவர் அதை நகத்தால் மெதுவாகப் பிரித்தார். கிழியக்கூடாது என்ற கவனம் விரலில் தெரிந்தது. உள்ளங்கையில் வைத்து நீவிவிட்டு என் பக்கம் நீட்டினார். எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. பெரியவர் 3, சிறுவர் 1.

அப்பா, அம்மா, ஒரு சின்னப் பையன், இந்தப் பெண். ஆறாம் வகுப்பு போகப் போகிறாளாம், வரிசையில் நிற்கும்போதே எனக்குச் சொல்லியிருந்தாள்.

“கேட்ல இவள நிக்க வெச்சு அளந்தாங்க தம்பி. நூத்தி நாப்பது இருக்கு, பெரியவங்க டிக்கெட்தான்னாங்க. சரின்னு குடுத்தேன். இப்ப நீங்க நூத்தி முப்பத்தெட்டுங்கிறீங்க. ஏத்திவிடுங்கன்னு நான் கேக்கல. ரெண்டுல எது நெசம்னு சொல்லுங்க.”

இரண்டும் நிஜம்தான். எங்கள் பூங்காவில் 140 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பெரியவர் டிக்கெட். இந்த ரைடில் ஏறுவதற்கும் அதே 140. காலையில் அவள் கனமான அடி வைத்த செருப்போடு, உச்சியில் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்றிருப்பாள். அங்கே அளக்கிற பையனுக்குப் பின்னால் ஆயிரம் பேர் வெயிலில் நிற்கிறார்கள். கோட்டைத் தொட்டால் பெரியவர், அவ்வளவுதான் அவனுக்கு நேரம். என் மேடையில் கால் அந்தரத்தில் தொங்கும் என்பதால் செருப்பைக் கழற்றச் சொல்கிறோம். தண்ணீரில் ஆடிவிட்டு வந்ததில் முடி படிந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. உள்ளங்கையைத் தலையில் வைத்து லேசாக அழுத்தி அளந்தேன். 138.

இதை அப்படியே அவரிடம் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகாது. நான் சொன்னது, “கேட் விஷயத்தை கேட்ல கேளுங்க சார், பின்னாடி நிக்கிறாங்க.”

அவர் ரசீதை மறுபடி நான்காக மடித்தார். அப்புறம் கேட்டார்: “அடுத்த வருஷம் வாங்கன்னீங்களே தம்பி, அடுத்த வருஷம் டிக்கெட் எவ்வளவு இருக்கும்?”

குத்திக் காட்டும் குரலாக அது இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார். “தெரியலையே சார்” என்றேன். அவர் மகளின் தோளில் கை வைத்து, இறங்குகிற படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் அடுத்த ட்ரிப்புக்குத் தோள் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். 24 இருக்கை, 24 கம்பி.

அவளை ஏற்றாதது சரி. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. 140 என்ற எண்ணை நாங்கள் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை, ரைடைச் செய்த கம்பெனி தன் கையேட்டில் போட்டுத் தருகிறது. தோள் கம்பி இறங்கிப் பூட்டும்போது அது எங்கே அழுத்த வேண்டும், தலை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கில் வருகிற எண் அது. இரண்டு சென்டிமீட்டரில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் சொல்ல எனக்குப் பதில் கிடையாது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் ‘பெரும்பாலும்’ மேல் ஒரு குழந்தையை உட்கார வைக்க முடியாது. 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ரைடு சரிந்து ஊழியர் ஒருவர் இறந்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்தச் செய்தியை மறக்கவில்லை. 2025 மே கடைசியில் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ரைடு உயரத்தில் நின்றுபோய், மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினர் கிரேன் ஏணி வைத்து இறக்கினார்கள். அதை டிவியில் பார்த்த இரவு, ‘பார்த்தாயா, நீ அன்றைக்கு விதியை விடாமல் இருந்தது நல்லதுதானே’ என்று மனசு சொல்லியது. கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தச் சம்பவங்களுக்கும் ஒரு பெண்ணின் உயரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தும் அந்த நிம்மதி எனக்குத் தேவையாக இருந்தது.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு. என் இடுப்பில் வாக்கி டாக்கி இருந்தது. அதை எடுத்து, “கேட்ல பெரியவர் டிக்கெட் போட்டிருக்காங்க, இங்க 138 வருது, வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்போது பெரியவருக்கு 1,200, சிறுவருக்கு 950. வித்தியாசம் 250 ரூபாய். 250 ரூபாய் என்று எழுதும்போது சின்னத் தொகையாகத் தெரிகிறது. உள்ளே ஒரு சாப்பாட்டுக்கு மேல் வரும் அது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வாசலில் வைத்துவிட்டு வந்த குடும்பமாக இருந்தால் அந்தத் தொகையின் எடை வேறு. அவர்கள் கொண்டுவந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே போவதற்கு முன்பே பத்தரை மணிக்கு மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடிக்கிற குடும்பங்களை வேலைக்கு வரும் வழியில் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து சூப்பர்வைசரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “கூப்பிட்டிருந்தா கொடுத்திருப்பேனே. அப்பப்போ கொடுக்கிறதுதான்” என்றார். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். வழி இருந்திருக்கிறது, கையெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பிறகு இன்னொரு குடும்பத்துக்காக நான் கூப்பிட்டேன். ஆயுத பூஜை விடுமுறை, அதே மாதிரிக் கூட்டம். பதினைந்து நிமிடம் எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. அவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “பரவாயில்ல விடுங்க” என்று போய்விட்டார்கள். ஆக அன்றைக்கு நான் எடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ. இப்படி நினைக்கும்போது பாரம் குறைகிறது. எடுக்காதவனுக்கு இப்படி நினைக்க உரிமை உண்டா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அன்று ஏன் எடுக்கவில்லை? வரிசைதான் காரணம். மேடையிலிருந்து பார்த்தால் அது படியில் இறங்கி, கம்பி வளைவுகளைச் சுற்றி, ஷெட்டுக்கு வெளியே வெயில் வரைக்கும் போயிற்று. ஒரு ட்ரிப் ஏற்றி, ஓட்டி, இறக்க 5 நிமிடம். மணிக்கு 12 ட்ரிப், 288 பேர். இதற்கு மேல் ஒரு ஆளைக்கூட ஏற்ற முடியாது, கூட்டம் இரண்டு மடங்கு வந்தாலும் ரைடு அதே வேகத்தில்தான் சுற்றும். அந்த 24 இருக்கையில் 8 இருக்கை, கூடுதலாகக் காசு கட்டி, தனி வரிசையில் சீக்கிரம் போக ஃபாஸ்ட் டிராக் வாங்கியவர்களுக்கு. பொது வரிசைக்கு 16. வீட்டில் ஒரு நாள் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தேன். முன்னால் 400 பேர் இருந்தால், 24 இருக்கையும் கிடைக்கும்போது 17 ட்ரிப்பில் முறை வரும், 85 நிமிடம். 16 மட்டும் கிடைத்தால் 25 ட்ரிப், 125 நிமிடம். பக்கத்து வரிசையில் ஒருவர் மிச்சப்படுத்தும் நேரம் எங்கிருந்தோ வரவில்லை, இந்த வரிசையில் நிற்பவர்கள் கூடுதலாக நிற்கிற 40 நிமிடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. அந்தப் பெண் இரண்டு மணி நேரம் நின்றுதான் என்னிடம் வந்தாள். வரிசையின் தொடக்கத்தில் ஒரு கம்பமும் ஒரு ஆளும் எப்போதும் உண்டு, இந்த மாதிரி கடைசியில் வந்து ஏமாறக்கூடாது என்பதற்காகவே. கூட்டம் அதிகம் என்று அன்று அந்த ஆளை அலைக்குளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவும் தவறு என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரில் கண் வைக்க ஆள் வேண்டும்.

விலையைப் பற்றியும் நான் ஒரு பக்கமாகப் பேச மாட்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் ஆள் இல்லாமல் ரைடை ஓட்டிப் பார்க்கிறோம். போல்ட் ஒவ்வொன்றுக்கும் பதிவேடு இருக்கிறது. உதிரிபாகம் பல நேரம் இத்தாலியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வர வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையில் பூங்கா வெறிச்சோடிக் கிடக்கும், ஆனால் கரண்ட் பில்லும் சம்பளமும் நிற்காது. வருஷத்துச் செலவை ஏப்ரல், மே, பொங்கல் என்று சில வாரங்களில் எடுத்தாக வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்கள் டிக்கெட்டுக்கு 28 சதவீதம், 2018 ஜனவரி கடைசியில்தான் 18 ஆனது. 2020-ல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தோம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா என்ற பூங்காவைத் திறந்தார்கள், முதலீடு 611 கோடி ரூபாய். டிக்கெட் 1,489 ரூபாயிலிருந்து தொடங்கியது. அவ்வளவு பணம் போட்டால் அந்த விலை வைக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955-ல் திறந்தபோது நுழைவுக் கட்டணம் 1 டாலர், ரைடுக்குத் தனிச் சீட்டு. 2016-லிருந்து அங்கே கூட்டமான நாளுக்கு ஒரு விலை, மற்ற நாளுக்கு ஒரு விலை. வரிசையைத் தாண்டிப் போகும் சீட்டை 1999-ல் இலவசமாகத் தந்தார்கள், 2021-ல் அதற்கும் காசு. விலையை ஏற்றினால் கூட்டம் குறையும், குறைந்தால் வந்தவர்கள் நன்றாக அனுபவிப்பார்கள் என்பது ஒரு வாதம். கணக்குப்படி அதில் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை. குறைகிற அந்தக் கூட்டத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் பார்த்தவரை, மேடையில் அதிகமாகச் சத்தம் போட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள்.

2025 கோடையில் எங்கள் டிக்கெட் 150 ரூபாய் ஏறியது. அந்த விலைப்பலகையை மாற்றிய அன்று, என்னிடம் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது என்று நினைத்தேன். சொல்லத்தான் ஆள் இல்லை. அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நகத்தால் ரசீதைப் பிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் கடைசிவரை அழவில்லை. செருப்பு வைக்கும் ரேக்கில் தன் செருப்பைத் தேடி எடுத்து, போட்டுக்கொண்டு, ஒரு தடவை திரும்பி அந்தக் கம்பத்தைப் பார்த்தாள். செருப்போடு இப்போது நின்றால் கோட்டைத் தொடுவாளா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். தொட்டிருப்பாள்.

இப்போது புதிதாக வருகிற பையன்களுக்கு நான்தான் மேடை வேலை சொல்லிக்கொடுக்கிறேன். செருப்பைக் கழற்றி அள, முடியை அழுத்தி அள, ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஏற்றாதே. இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அப்புறம், ‘அடுத்த வருஷம் வாங்க’ என்று மட்டும் சொல்லாதே என்பேன். போன பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு பையன் கேட்டான்: “வேற என்னண்ணே சொல்றது?”

யோசித்துப் பார்த்தேன். “ஒண்ணும் சொல்லாத. டிக்கெட்டை வாங்கிப் பாரு. பெரியவர்னு இருந்தா வாக்கி டாக்கிய எடு” என்றேன். நல்ல பையன், தலையாட்டினான்.

காணும் பொங்கல் அன்று மதியம் அவன் மேடைப் பக்கம் போனேன். வரிசை ஷெட்டைத் தாண்டி ஐஸ்கிரீம் கடை வரை நின்றது. அவன் ஒரு சிறுவனுக்கு முன்னால் குனிந்து, அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான்: “அடுத்த வருஷம் வாடா தம்பி, வளர்ந்துடுவ.” பக்கத்தில் அந்தச் சிறுவனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய் டிக்கெட்டைக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் ட்ரிப் வந்து நின்றுவிட்டது. இறங்குகிறவர்கள் பக்கம் ஆள் இல்லை, நான் அங்கே போனேன்.