ஆசிட்ரோம் சாப்பிடுகிறவன் மும்பையில் பல் பிடுங்கிய கதை

ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல்வலி என்று கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு சுருக்கம், கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. வால்வு ரொம்பச் சுருங்கியவர்களுக்கு அதே வேலைக்கான அபிக்ஸபான் மாதிரி புது மாத்திரைகள் தருவதில்லை, அதனால் பழைய ஆசிட்ரோம்தான். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட் அளவு, கூடினால் ரத்தம் எளிதில் நிற்காது) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

மாதுங்காவில் ஒரு பல் கிளினிக். மாத்திரைப் பெயரைச் சொன்னதுமே ரிசப்ஷனில் இருந்த பெண், டாக்டரைக் கேட்காமலே, "பாஞ்ச் தின் கோலீ பந்த் கரோ, ஃபிர் ஆவோ" என்றுவிட்டார். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரணுமாம். ஐந்து நாளா! இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கிறது, அங்கே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகக்கூடாது என்றுதானே இந்த மாத்திரையே. சாதாரணமாக ஒரு பல் எடுக்க, ஐஎன்ஆர் 4-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. நான் விடாமல் கேட்டதும் டாக்டரே வந்து, வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஹார்ட் டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரி கவுன்டரில் கடிதத்துக்கும் அப்பாயின்ட்மென்ட் வேண்டும், ஓபிடி புதன்கிழமைதான் என்றார்கள். சரி என்று புதன்கிழமை லோக்கல் ரயிலில் நசுங்கிப் போய் நின்றால், புது ஐஎன்ஆர் ரிப்போர்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். அதை முதல் நாளே சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்?

ஆனால் அந்த டெஸ்ட்தான் காப்பாற்றியது. 4.6! ஹார்ட் டாக்டர் என் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்து, பல் டாக்டர் கொடுத்த மெட்ரோனிடசோல் என்கிற ஆன்டிபயாடிக்கில் விரல் வைத்தார். பல் வீக்கத்துக்கு எல்லா இடத்திலும் எழுதுவதுதான், ஆனால் ஆசிட்ரோமோடு சேர்ந்தால் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். அதை நிறுத்தி, ஆசிட்ரோம் ஒரு வேளை விடச் சொல்லி, மறுபடி பார்த்ததில் 2.7.

பல் எடுத்தது பெரிய விஷயமே இல்லை. ஜெலட்டின் பஞ்சு, தையல், ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த கொப்பளிப்பு, முடிந்தது. வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதப் பார்த்தார்கள், ரத்தக் கசிவு கூடும் என்று சொல்லி பாராசிட்டமால் வாங்கிக்கொண்டேன். அப்புறம், வாரத் தொடக்கத்தில் காலை நேரமாகக் கேளுங்கள், ரத்தம் நிற்காவிட்டால் ஓடிப்போக கிளினிக் திறந்திருக்கும்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று ஒரே வரி எழுதிய அந்தக் கடிதத்துக்கு முழு கன்சல்டேஷன் ஃபீஸ் வாங்கிவிட்டார்கள்.