முதலில் அளவு, அப்புறம் சீட்டு

நம் வேதாகமத்தில் ‘சுதந்தரம்’ என்று வருவதை விடுதலை என்று வாசித்துவிடக் கூடாது. தகப்பன் வழியாய் வரும் உரிமைச் சொத்து அது. இஸ்ரவேல் கோத்திரங்களுக்குக் கானான் தேசத்தைப் பங்கிட்டதைச் சொல்லும் யோசுவா 13 முதல் 21 வரை ஊர்ப் பெயர்களாகவே நீள்கிறது என்று பலர் தாண்டிப் போகிறார்கள். சேலத்தில் பாகப்பிரிவினைக்கு உட்காரும் விசுவாசக் குடும்பம் நிதானமாக வாசிக்க வேண்டிய அதிகாரங்கள் அவைதான்.

எண்ணாகமம் 26-ல் கர்த்தர் சொன்ன முறை இது: ஆள் அதிகமுள்ள கோத்திரத்துக்கு அதிகம், குறைந்ததற்குக் கொஞ்சம், எந்தப் பக்கம் என்பது மட்டும் சீட்டில் விழ வேண்டும். ரோட்டோரம் எனக்கு, கரட்டோரம் உனக்கு என்று மூத்தவர் தீர்ப்புச் சொல்ல அங்கே இடமே இல்லை.

அந்தச் சீட்டுக்கும் முன்னால் ஒரு வேலை நடந்தது. ஏழு கோத்திரங்கள் பங்கு வாங்காமல் காலம் கடத்தியபோது, மோசேக்குப் பின் தலைவரான யோசுவா கடிந்துகொண்டார். கோத்திரத்துக்கு மூன்று பேர் தேசத்தைச் சுற்றி நடந்து, ஊர் ஊராக ஏழு பங்காய் எழுதிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகே சீலோவில், கர்த்தருடைய சந்நிதியில் சீட்டுப் போட்டது. நம் பக்கம் பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கும். ‘வேப்பமரத்துக்கு அந்தாண்டை தம்பிக்கு’ என்று வாய்ப்பேச்சில் பிரித்துக்கொள்வார்கள். மரம் விழுந்தால் எல்லையும் போச்சு. புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்) வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, கூறுகளை எழுதி வைத்துவிட்டுச் சீட்டுக் குலுக்குங்கள். பத்திரம் பதிவானதும் உட்பிரிவுப் பட்டாவுக்கு மனு கொடுத்துவிட வேண்டும்.

ஏக்கர் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது. காலேபின் மகள் அக்சாள் தகப்பனிடம் கேட்டது என்ன? வறண்ட நிலத்தைக் கொடுத்தீர், நீரூற்றுகளும் வேண்டும் என்றாள். மேற்புறத்து ஊற்றும் கீழ்ப்புறத்து ஊற்றும் கிடைத்தன. சேலத்து மேட்டுக்காட்டுக்கு இதைவிடப் பொருந்துகிற பகுதி வேறில்லை. கிணறு அண்ணன் கூற்றில் விழுந்து, தம்பிக்குத் தண்ணீர் உரிமையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டால், அவருக்குக் கிடைத்தது பாதிப் பங்குதான். கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், யாருக்கு எந்த நாள் முறை, பைப் எந்த வரப்பு வழியே போகும், வண்டித்தடம் எத்தனை அடி அகலம், கரண்டு பில்லை யார் கட்டுவது என்பதெல்லாம் பத்திரத்தில் ஏறணும். ஏற்காட்டுச் சரிவில் காப்பித் தோட்டம் பிரிப்பவர்கள் சுனையையும் ஓடையையும் சேர்த்தே கூறு போட வேண்டும். புலப்படத்தில் சரிவு தெரியாது. மேல் கூற்றுக்காரர் ஓடையை மறித்தால் கீழே நாற்றங்கால் காய்ந்துபோகும். நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும், யோசுவாவின் ஆட்களைப் போல.

மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்துக்கு மகன் இல்லை. அவருடைய ஐந்து மகள்களும் தகப்பன் பங்கு தங்களுக்கு வேண்டும் என்று மோசேயிடம் நியாயம் கேட்டார்கள். அவர்கள் பேசுவது சரி என்றார் கர்த்தர். அது வாய்வார்த்தையாக நிற்கவில்லை. யோசுவா 17-ல் மனாசேக்கு யோர்தான் ஆற்றுக்கு மேற்கே 10 பங்கு விழுந்த கணக்கைப் பாருங்கள்: ஆறு வம்சங்களில் செலொப்பியாத்தின் தகப்பன் எப்பேருடையதின் இடத்தில் இந்த ஐந்து பெண்கள், மீதி ஐந்து வம்சங்கள். ஒருத்தியும் விடுபடவில்லை. மகன் இருந்தால் மகளுக்கு இல்லை என்பதுதானே அங்கே சட்டம் என்று சிலர் மடக்குவார்கள். இங்கே அது செல்லாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மகன், மகள் எல்லாருக்கும் சமம். நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே என்று சொல்லி, அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது ஜெபம் பண்ணி முடிக்கிற காரியம் அல்ல.

சீட்டு விழுந்த பிறகும் திருத்தம் உண்டு. யூதா கோத்திரத்தின் பங்கு மிஞ்சியிருந்ததால் சிமியோன் கோத்திரத்துக்கு அதற்குள்ளேயே இடம் கொடுத்தார்கள். பங்கு பிரிக்கிற பெரியவர் தன்னுடையதைக் கடைசியாக எடுக்கட்டும். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பின்புதான் யோசுவாவுக்கு எப்பிராயீம் மலைநாட்டில் திம்னாத்சேரா கிடைத்தது. அந்தப் பட்டணத்தைக் கட்டி அங்கே குடியிருந்தார்.