கதிர்வீச்சில் பிளாஸ்டிக்கும் ரப்பரும்: அளவு மட்டும் போதாது

பிளாஸ்டிக் பொருள்களின் தகவல் தாள்களில் ‘கதிர்வீச்சுத் தாங்குதிறன்’ என்ற வரிக்கு எதிரே ஒரே ஓர் எண் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் வருகிறது. இத்தனை கிலோகிரே வரை தாங்கும் என்று அந்த எண் சொல்கிறது. அந்தக் கதிர்வீச்சை எவ்வளவு வேகத்தில் கொடுத்தார்கள், காற்றில் வைத்துக் கொடுத்தார்களா காற்றில்லாமலா, மாதிரி எவ்வளவு தடிமன், மறுநாளே சோதித்தார்களா ஓராண்டு கழித்தா என்பவற்றைச் சொல்வதில்லை. பாலிமர்களை, அதாவது பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்களை, சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், ஒரு பொருள் கதிர்வீச்சில் பிழைக்குமா நொறுங்குமா என்பதைப் பெரும்பாலும் இந்த விடுபட்ட விவரங்களே முடிவு செய்கின்றன என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அதை விளக்குவதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் அளவைப் பற்றி. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது ஒரு கிரே. மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்ய வழக்கமாகக் கொடுக்கப்படுவது 25 கிலோகிரே. மனித உடல் முழுவதும் நான்கைந்து கிரே பட்டால், தக்க சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். 25 கிலோகிரே அதைப் போல ஐயாயிரம் மடங்கு. ஆயினும் வெப்பமாகக் கணக்கிட்டால் 25 கிலோகிரே என்பது பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சூடாக்குவதற்கு மட்டுமே போதுமானது. அப்படியானால் பொருளை மாற்றுவது சூடு அன்று. கிருமி நீக்கத்துக்குப் பயன்படும் கதிரியக்கக் கோபால்ட்-60 உமிழும் காமா ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒவ்வொன்றும் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் அதிகமான ஆற்றலோடு வருகிறது. ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானை உதைத்து வெளியேற்ற, அந்த எலக்ட்ரான் தன் வழியெங்கும் மேலும் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்களைப் பெயர்த்துச் செல்கிறது. மொத்த ஆற்றல் சிறிதுதான். ஆனால் விழும் இடத்தில் எந்தப் பிணைப்பாலும் தாங்க முடியாத அளவுக்கு அது குவிந்து விழுகிறது. கோபால்ட்டின் காமா கதிர்களால் பிளாஸ்டிக் தானே கதிரியக்கப் பொருளாகிவிடுமா என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆகாது. அந்த ஆற்றல் எலக்ட்ரான்களைக் கலைக்குமே தவிர, கார்பன், ஹைட்ரஜன் அணுக்களின் கருவைத் தொடாது.

எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு உடைந்து, இணை சேராத எலக்ட்ரானோடு நிற்கும் துண்டுகளாகிறது. இவற்றைத் தனி உறுப்புகள் என்கிறோம். கதிர்வீச்சின் நேரடி வேலை ஏறக்குறைய இங்கே முடிந்துவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் இந்தத் தனி உறுப்புகள் யாரைச் சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது. பாலிஎத்திலீனில் ஒரு சங்கிலி தன் ஹைட்ரஜன் அணுவை இழக்கிறது; வெளியேறிய அந்த அணு பக்கத்துச் சங்கிலியிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு வாயுவாக வெளியேறுகிறது; எஞ்சிய இரண்டு காயம்பட்ட கார்பன்களும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இதுவே குறுக்குப் பிணைப்பு. வேறு சில பாலிமர்களில் தனி உறுப்பு தன் முதுகெலும்பையே, அதாவது சங்கிலியின் நடுத்தண்டையே, அறுத்துக்கொண்டு இரண்டு குட்டைச் சங்கிலிகளாகிறது. பெரும்பாலான பொருள்களில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன; எது முந்துகிறது என்பதே கேள்வி.

இதில் எத்தனை சிறிய வேதி மாற்றம் எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். உறிஞ்சப்படும் ஒவ்வொரு 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஒரு குறுக்குப் பிணைப்போ ஓர் அறுபடலோ நிகழ்வதாகக் கொள்வோம். உண்மை அளவுகள் இதற்கு அருகில்தான் இருக்கின்றன. 100 கிலோகிரே கொடுத்தால் பாலிஎத்திலீனில் ஏறத்தாழ 7,000 கார்பன்களுக்கு ஒரு நிகழ்வு. வேதியியல் பகுப்பாய்வில் பிடிபடுவதே கடினமான அளவு இது. ஆனால் மூலக்கூறு எடை ஒரு லட்சமாக உள்ள சங்கிலியில் இருப்பதும் ஏறத்தாழ அதே 7,000 கார்பன்கள்தான். அதாவது சங்கிலிக்கு ஒரு நிகழ்வு. அது இணைப்பாக இருந்தால், தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த சங்கிலிகள் ஒரே வலையாகத் தொடங்குகின்றன. வெட்டாக இருந்தால், ஒவ்வொரு சங்கிலியும் சராசரியாகப் பாதி நீளமாகிவிடுகிறது. பாலிமரின் வலிமை சங்கிலி நீளத்தில் தங்கியிருப்பதால், பதினாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் பொருளின் குணத்தையே புரட்டிவிடுகிறது.

வலை உருவானதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பாலிஎத்திலீனைச் சீவிச் சன்னமான கம்பி வலைப் பையில் இட்டுக் கொதிக்கும் சைலீன் என்ற கரைப்பானில் பல மணி நேரம் வைக்க வேண்டும். கதிர்வீச்சுப் படாத பொருள் முழுவதும் கரைந்து பை வெறுமையாகத் திரும்பி வரும். குறுக்குப் பிணைப்புப் பெற்ற பொருளோ கரைவதற்குப் பதிலாக ஊதிப் பெருத்து, ஒளி ஊடுருவும் கூழ்த்துண்டுகளாகப் பைக்குள்ளேயே தங்கிவிடும். அதை உலர்த்தி எடை போட்டால் எவ்வளவு பங்கு வலையாயிற்று என்பது தெரியும். இங்கிலாந்தில் ஆர்தர் சார்லஸ்பி 1952-இல், அணு உலைக் கதிர்வீச்சில் பாலிஎத்திலீன் குறுக்குப் பிணைப்புப் பெறுவதை விளக்கி ஆய்வுரை வெளியிட்டார். ஐந்தே ஆண்டுகளில், 1957-இல், பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் அதைத் தொழிலாக்கியது. மின்கம்பி இணைப்புகளின்மேல் மாட்டிச் சூடுகாட்டினால் இறுகிக்கொள்ளும் சுருங்கு குழாய் அந்த வேதியியலின் நேரடிப் பயன். வலையாக்கிய குழாயை உருகுநிலைக்கு மேல் சூடாக்கினால் அது உருகி ஓடாது, ரப்பராக மாறும். அந்நிலையில் விரித்துக் குளிரவைத்தால், சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி உருவாகும் படிகங்கள் அதை விரிந்த நிலையில் பிடித்து வைக்கும். மறுபடி சூடுபட்டுப் படிகங்கள் உருகியதும் வலை தன் பழைய அளவுக்குத் திரும்பும்.

எந்தப் பாலிமர் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க விதி ஒன்று இருக்கிறது. முதுகெலும்பில் ஹைட்ரஜனே இல்லாமல் நான்கு பக்கமும் கார்பன்கள் சூழ்ந்த கார்பன் அணு திரும்பத் திரும்ப வந்தால் அந்தச் சங்கிலி அறுபடும். அக்ரிலிக் கண்ணாடியும் பியூட்டைல் ரப்பரும் இந்த வகை. பென்சீன் வளையம் உள்ளவை நன்றாகத் தாங்கும். விழுந்த ஆற்றலை வளையம் வாங்கிப் பரப்பிப் பிணைப்பை உடைக்காமலே வெப்பமாக்கிவிடுகிறது. பாலிஸ்டைரீனும் பாலிஇமைடும் அதனால்தான் மற்றவை அழியும் அளவுகளிலும் நிலைத்து நிற்கின்றன.

டெஃப்லான் எதிர்பார்ப்புக்கு முற்றிலும் மாறான பொருள். அமிலத்துக்கும் வெப்பத்துக்கும் அசையாதது, கார்பன்–ஃபுளோரின் பிணைப்போ வேதியியலிலேயே வலிமையானவற்றுள் ஒன்று. அதே பொருள் காற்றில் சில கிலோகிரேயிலேயே வலுவிழக்கத் தொடங்குகிறது. கருவிக்குள் ‘எதையும் தாங்கும்’ என்று நம்பி டெஃப்லான் வளையம் பொருத்துவதை நான் இன்னும் காண்கிறேன். கதிர்வீச்சுக்கு அருகில் அது மிக மோசமான தேர்வு. இந்தப் பலவீனமே தொழிலில் பயனாவதும் உண்டு: கழிவு டெஃப்லானுக்குப் பெருமளவு கதிர்வீச்சுக் கொடுத்து நொறுங்கவைத்து, அரைத்து, அச்சு மைகளிலும் உயவுப் பொருள்களிலும் சேர்க்கிறார்கள். ஆனால் அதே டெஃப்லானை உருகுநிலையாகிய 327 டிகிரிக்குச் சற்று மேலே, ஆக்சிஜன் இல்லாமல் வைத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தால் அறுபடுவதற்குப் பதிலாகக் குறுக்குப் பிணைப்புப் பெற்றுத் தேய்மானத்தை மிகச் சிறப்பாகத் தாங்குகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். பொருளும் ஒன்று, கதிர்களும் ஒன்று; சூழல் மாறியதும் விளைவு தலைகீழாகிவிட்டது. ஒற்றை எண்ணை நம்ப முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ரப்பருக்கு வருவோம். இயற்கை ரப்பர் கதிர்வீச்சில் குறுக்குப் பிணைப்புப் பெறும் இனம். கந்தகமோ வேக ஊக்கிகளோ இல்லாமலே ரப்பர் பாலைக் கதிர்வீச்சால் பதப்படுத்தலாம். அப்படிச் செய்த கையுறைகளில் புற்றுநோய் அபாயமுள்ள நைட்ரோசமீன்களும் ஊக்கி வேதிப்பொருள்களால் வரும் தோல் ஒவ்வாமையும் இருப்பதில்லை. டயர்த் தொழிலில் உள்ளடுக்குகளைக் கூட்டிச் சேர்ப்பதற்கு முன் எலக்ட்ரான் கற்றையால் இலேசாக இறுக்கிக்கொள்கிறார்கள். அச்சில் அழுத்தும்போது நூல்கள் இடம்பெயராமல் இருப்பதற்கு அது உதவுகிறது. அளவு கூடினால் இதே இறுக்கம் கேடாகிறது: வலை நெருங்க நெருங்க ரப்பர் நீளும் தன்மையை இழந்து விறைத்துப்போகும். பியூட்டைல் ரப்பர் இதற்கு நேர் எதிராக மென்மையாகி, பிசுபிசுத்து, இறுதியில் பாகாகிவிடும். பழைய டயர்க் குழாய்களிலிருந்து பியூட்டைலை மீட்டெடுக்க இந்தக் குணம் பயன்படுகிறது.

ரப்பர் வளையங்களில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. தனியாகத் தொங்கவிட்டுக் கதிர்வீச்சுக் கொடுத்த வளையம் சோதனையில் தேறிவிடலாம். அதே வளையம் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நசுங்கிய நிலையில் அதே அளவைப் பெற்றால், புதிய பிணைப்புகள் யாவும் நசுங்கிய வடிவத்திலேயே உருவாகின்றன. தகடுகளைப் பிரித்துப் பார்த்தால் வட்ட வெட்டுமுகம் இருபுறமும் தட்டையாகி நிற்கும். விரலால் அழுத்தினால் ரப்பர் போலவே இருக்கும், ஆனால் திரும்பி எழாது, கசிவையும் அடைக்காது. போதாக்குறைக்குக் கதிர்வீச்சு சுற்றியுள்ள காற்றில் ஓசோனை உண்டாக்குகிறது. இழுபட்ட நிலையில் உள்ள இயற்கை ரப்பரை ஓசோன் குறுக்குவாட்டில் வெடிக்கவைக்கும்.

இனி, இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி: ஆக்சிஜனும் காலமும். காற்றில் உள்ள ஆக்சிஜன் தனி உறுப்பைச் சந்தித்தால் பெராக்சைடு உருவாகிறது. அது உடைந்து புதிய தனி உறுப்புகளைத் தருகிறது. சங்கிலி அறுபடுவது தொடர்கிறது. பாலிபுரோப்பிலீனின் படிகப் பகுதிகளில் சிக்கிக்கொண்ட தனி உறுப்புகள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து மெல்ல வெளிப்படுகின்றன. காமா கதிரில் கிருமி நீக்கிய மறுநாள், உரிய நிலைப்படுத்திகள் சேர்க்காத பாலிபுரோப்பிலீன் ஊசிக் குழலின் விளிம்பை வளைத்துப் பார்த்தால் வெண்மை தட்டி மடங்கும். அதே பெட்டியில் ஓராண்டு இருந்த இன்னொன்று வளைக்கத் தொடங்கியதுமே பட்டென்று முறியும். இடையில் அது எந்தக் கதிர்வீச்சையும் பெறவில்லை.

செயற்கை இடுப்பு மூட்டுகளில் இதன் விலையை நோயாளிகள் கொடுத்தார்கள். மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் கிண்ணங்கள் பல ஆண்டுகளாகக் காற்று புகும் உறைகளில் காமா கதிரால் கிருமி நீக்கம் செய்யப்பட்டு அலமாரிகளில் காத்திருந்தன. அவ்வாறு கிடந்த கிண்ணத்தை மெல்லிய சீவலாக வெட்டினால், மேற்பரப்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே வெண்ணிறப் பட்டை ஒன்று தெரியும். ஆக்சிஜனேற்றத்தால் நொறுங்கத்தக்கதாகிவிட்ட அடுக்கு அது. 1990-களில் ஆக்சிஜன் இல்லாத உறைகளுக்கு மாறினார்கள். அதற்குப் பின், 50 முதல் 100 கிலோகிரே வரை வேண்டுமென்றே கூடுதலாகக் கொடுத்து, குறுக்குப் பிணைப்பை அதிகமாக்கி, பிறகு சூடாக்கி மிச்சத் தனி உறுப்புகளை அணைத்துவிடும் முறை வந்தது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. நொறுக்கிய அளவைவிடக் கூடுதல் அளவு இப்போது காக்கிறது.

வேகத்தின் பங்கும் இங்கேதான் வருகிறது. சோதனைக்கூடத்தில் மணிக்குப் பல கிலோகிரே வேகத்தில் கொடுக்கும்போது, உள்ளே ஊடுருவும் ஆக்சிஜன் மேற்பரப்பிலேயே செலவாகிவிடுகிறது. உட்புறம் காற்றில்லாத இடத்தில் இருந்ததுபோல் குறுக்குப் பிணைப்புப் பெற்று நன்றாகவே இருக்கிறது. அதே அளவை மெதுவாகக் கொடுத்தால் ஆக்சிஜன் முழுத் தடிமனுக்கும் போய்ச் சேர அவகாசம் கிடைக்கிறது. அமெரிக்காவின் சவன்னா ரிவர் அணு உலை ஒன்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் இருந்த கேபிள்களின் பாலிஎத்திலீன் காப்புறை விரிசல் விட்டிருந்தது. அவை பெற்ற மொத்தம் ஏறத்தாழ 25 கிலோகிரே. மணிக்குக் கால் கிரே அளவுதான். விரைவுச் சோதனைகளின்படி அந்த அளவு பாலிஎத்திலீனை ஒன்றும் செய்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தின் கென்னத் கில்லனும் ரோஜர் கிளஃபும், மெதுவான கதிர்வீச்சும் ஆக்சிஜனும் மிதமான சூடும் சேர்ந்ததே காரணம் என்று காட்டினார்கள். இத்துறையில் படித்தவற்றுள் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு அது.

நிற மாற்றத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. பாலிகார்பனேட் மஞ்சளாகி, சில வாரங்களில் ஓரளவு தெளிந்துவிடும்; வலிமை பெரிதாகக் குறைவதில்லை. பிவிசி மட்டும் விதிவிலக்கு: அதன் மஞ்சள், ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுவதன் அறிகுறி.

ஆகவே என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் நான் வற்புறுத்துவது இவற்றையே. இழுவிசை வலிமையை மட்டும் அளக்காதீர்கள், முறியும்வரை எவ்வளவு நீள்கிறது என்பதையும் அளங்கள். குறுக்குப் பிணைப்பால் வலிமை கூடிக்கொண்டே போகும்போதும் நீட்சி முன்னதாகவே சரிந்து எச்சரிக்கும். பயன்படும் தடிமனிலேயே, நசுங்கியிருக்க வேண்டிய பொருளை நசுக்கியே சோதியுங்கள். ஒரே அளவைக் குறைந்தது இரண்டு வேகங்களில் கொடுத்து ஒப்பிடுங்கள். கதிர்வீச்சுக் கொடுத்த மாதிரிகளில் ஒரு பகுதியைத் தேதியிட்டு, காற்றுப் படும்படி ஓராண்டு வைத்திருந்து மீண்டும் சோதியுங்கள். அந்த இரண்டாம் முடிவு வரும்வரை பொருளுக்கு ஒப்புதல் கையெழுத்திடாதீர்கள்.