மோந்த்ரோவில் பாட்டுக்குப் பாட்டு

ஜெனீவாவில் ரயில் கிளம்பியதுமே நண்பன் விதியை அறிவித்துவிட்டான். ஆளுக்கொரு பாட்டு, மாறி மாறி. ஒரே இயர்போன், காதுக்கு ஒன்று. போடுகிற பாட்டில் பாடியவரோ வாசித்தவரோ ஒருவராவது இறந்திருக்க வேண்டும். பழைய ராக் இசையில் அதற்கா பஞ்சம்?

நான் டீப் பர்ப்பிளின் 'ஹைவே ஸ்டார்' போட்டேன்.

"செல்லாது. பாடியவர், கிட்டார்க்காரர், டிரம்ஸ்காரர் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறார்கள்?"

"ஆர்கனைக் கேள்" என்றேன். அந்தப் பாட்டின் கிட்டாரைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. அதற்கு முன்னால் ஜான் லார்ட் ஆர்கனில் ஓடும் ஓட்டத்தைச் சொல்பவர்கள்தான் குறைவு. ஹேமண்ட் ஆர்கனை கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து உறும வைத்தவர் அவர். 2012 ஜூலையில் போய்ச் சேர்ந்தார். புள்ளி எனக்கு.

லோசானைத் தாண்டியதும் இடப்பக்கம் லாவோ திராட்சைத் தோட்டங்கள், படிப்படியாக ஏரி வரை இறங்கி வருகின்றன. நவம்பர் மாதம் என்பதால் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கியிருந்தன. நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. 'அண்டர் பிரஷர்' போட்டுவிட்டு, "பிரெடி மெர்க்குரி, டேவிட் போவி. இரண்டு புள்ளி" என்றான். 1981இல் பிரெடியின் குவீன் குழு போவியோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பதிவு செய்த ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

நான் மோந்த்ரோவுக்கு வந்தது பிரெடிக்காக அல்ல, ஒரு தீ விபத்துக்காக. 1971 டிசம்பர் 4 அன்று இங்குள்ள கேசினோவில் அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் ஜாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து யாரோ கூரையை நோக்கி ஒளிக்குண்டு ஒன்றைச் சுட்டார். கட்டடமே எரிந்து போனது. யாரும் சாகவில்லை. மோந்த்ரோ ஜாஸ் விழாவை நடத்தி வந்த குளோட் நோப்ஸ் உள்ளே ஓடி இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். அதே கேசினோவில் ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஏரியின் மேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில், ஓசையை அடக்க மெத்தைகளை அடுக்கி, அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். அந்தத் தீயைப் பற்றியதுதான் அதிலுள்ள 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. பாட்டின் வரிகள் கவிதையே இல்லை. யார், எங்கே, எப்படி என்று நிருபர் எழுதிய செய்தி போல இருக்கும். எனக்குப் பிடித்ததே அதுதான். ஜாப்பா இறந்ததும் ஒரு டிசம்பர் 4ஆம் தேதிதான், 22 வருடம் கழித்து.

ஏரியின் மேல் கொஞ்சம் மூடுபனியாவது இருக்கும், படம் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டிருந்தேன். பளிச்சென்று வெயில் அடித்தது. எதிர்க்கரை மலைகளின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. புகைக்கு வழியே இல்லை.

எரிந்த இடத்தில் 1975இல் கட்டிய புது கேசினோ நிற்கிறது. அதற்குள் இருந்த மவுன்டன் ஸ்டூடியோவை 1979இல் குவீன் குழுவினர் வாங்கினார்கள். இப்போது அது சிறிய காட்சியகம். சூதாட்ட இயந்திரங்களின் சத்தத்தைக் கடந்து போனால், பிரெடி கைப்பட எழுதிய வரிகள், மேடை உடைகள், பதிவறை. நுழைவுக் கட்டணம் இல்லை. எய்ட்ஸ் ஒழிப்புக்காக அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்கு விரும்பியதைக் கொடுக்கலாம். நண்பன் அங்கே நின்ற ஒரு ஜெர்மன் தம்பதியிடம், பிரெடி படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் என்று விளக்க ஆரம்பித்தான். அந்தப் பள்ளியிலேயே இசைக்குழு வைத்திருந்ததையும் விடவில்லை. சொந்த அண்ணனைப் பற்றிப் பேசுகிற பெருமை.

சந்தைத் திடலில் சிலை, ஏரியைப் பார்த்தபடி, ஒரு கை வானத்தை நோக்கி. 1996இல் வைத்தார்கள். காலடியில் வாடிய ரோஜாக்கள். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நண்பன் 'மதர் லவ்' போட்டான்.

1991 மே மாதம் இந்த ஊரில் பிரெடி கடைசியாகக் குரல் கொடுத்த பாட்டு. நிற்கவே தெம்பில்லாத நிலையில் பாடியது. கடைசிச் சரணத்துக்கு முன் ஓய்வெடுக்க வேண்டும், பிறகு வந்து முடிக்கிறேன் என்று போனவர் திரும்பவில்லை. நவம்பர் 24 அன்று இறந்தார். மிச்சத்தை குவீனின் கிட்டார்க்காரர் பிரையன் மே பாடினார். குரல் மாறும் இடம் வந்தது.

"இந்தச் சரணத்துக்குப் புள்ளி கிடையாது, பாடுகிறவர் உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

"பாதியாவது கொடு" என்றான்.

பாட்டு அதோடு முடியவில்லை. 1986 வெம்பிளி மைதானத்தில் பிரெடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடுகிறது. அடுத்து, பெயர் தெரியாத காலத்தில் அவர் வேறு பெயரில் பாடிய ஒரு பழைய பாட்டின் துணுக்கு. அதற்கப்புறம் ஒரு குழந்தையின் அழுகை.

"சரி, முழுப் புள்ளி" என்றேன்.